குடியிலும் மனச்சோர்விலும் அப்பாவையோ அம்மாவையோ இழந்தவர்களுக்கு: முதல் ஒரு வருடத்துக்கான வழிகாட்டி

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரிகளில் ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தார். கல்லீரல் கெட்டு, 53 வயதில் இறந்தார். கடைசி 11 வருடம் தினமும் குடி. அதற்கும் முன்னாலேயே மனச்சோர்வு இருந்திருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "தூக்கம் வரல கண்ணு, நீ போய்ப் படு" என்பார். அதற்கு ஒரு பெயர் உண்டு, வைத்தியம் உண்டு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பாசமான மனுஷன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மாரடைப்பில் அப்பாவை இழந்தவர் வாய்விட்டு அழலாம், ஊரும் கூட அழும். நம்மால் அப்படி அழ முடிவதில்லை. "குடிச்சே செத்தான்" என்று ஒரு வரியில் ஊர் கதையை முடித்துவிடும். அந்த வரிக்குள் அடங்காத ஒரு ஆள் நமக்கு இருந்தார். சமீபத்தில் அப்படி ஒருவரை இழந்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக, நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் வரிசையாகச் சொல்கிறேன். அப்பா என்றே எழுதிக்கொண்டு போகிறேன். அம்மாவை இழந்தவர்கள் அம்மா என்று படித்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள்

சாவு வீட்டில் யோசிக்க நேரம் இருக்காது. ஆனால் சில விஷயங்கள் அப்போதே முடிவாகிவிடும்.

முதலாவது, படம். கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்க ஃப்ளெக்ஸ் கடையில் உடனே படம் கேட்பார்கள். கைக்குக் கிடைப்பது ஆதார் அட்டைப் படமோ, போன வருடம் யாரோ எடுத்த முகம் வீங்கிய படமோதான். நாங்கள் அதைத்தான் கொடுத்தோம். அதையே பெரிதாக்கி, கோட்டு மாட்டி, ஃபிரேம் போட்டு ஹாலில் தொங்கவிட்டார்கள். இரண்டு வருடம் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்காமலே வாசலைத் தாண்டியிருக்கிறேன். அப்புறம் மாமா கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டி, பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும் படம் ஒன்று அத்தை வீட்டு ஆல்பத்தில் கிடைத்தது. இப்போது அதுதான் மாட்டியிருக்கிறது. நீங்கள் உறவினர் ஒருவரை அனுப்பி, நோய்க்கு முந்தைய படம் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். போர்டு ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது.

இரண்டாவது, "என்ன ஆச்சு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில். வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் தேடினால் ஆளே ஓய்ந்துபோவீர்கள். வீட்டார் சேர்ந்து ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். "ரொம்ப நாளா உடம்பும் மனசும் முடியாம இருந்தார்" என்பது போதும், அது பொய்யும் இல்லை. நெருங்கியவர்களிடம் குடிநோய் என்றே சொல்லலாம். தற்கொலையால் இறந்திருந்தால், எப்படி நடந்தது என்ற விவரத்தை யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. போலீஸும் டாக்டரும் கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

மூன்றாவது, சரக்கு. குழி வெட்டுகிறவர்களுக்கும் மேளம் அடிக்க வருகிறவர்களுக்கும் வாங்கிக் கொடுப்பது நம்ம பக்கத்தில் வழக்கம். குடியால் இறந்தவர் வீட்டிலும் அது நடக்கும். பணம் கையாளும் பங்காளி யாரோ அவரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்: "கூலியைச் சேர்த்துக் கொடுங்க, வயிறாரச் சாப்பாடு போடுங்க, சரக்கு மட்டும் வேண்டாம்." பெரியவர் ஒருவர் வாயால் சொன்னால் எடுபடும். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுப் பின்பக்கம் ஆட்டோவிலிருந்து அட்டைப்பெட்டி இறங்குவதை என் தம்பி பார்த்தான். அப்போது அவனுக்கு 14 வயது. அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் சொல்வது அந்தப் பெட்டியை மட்டும்தான்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் இறந்திருந்தால் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், ஆஸ்பத்திரியில் என்றால் அவர்களே தகவல் கொடுப்பார்கள். எங்கே இறந்தாரோ அங்கேதான் பதிவு. ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோய் அங்கே உயிர் போயிருந்தால், சான்றிதழும் கர்நாடகத்தில்தான் வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும்.

பலருக்கும் மனதுக்குள் ஒரு பயம் இருக்கும், வெளியே கேட்க மாட்டார்கள். இறப்புச் சான்றிதழில் குடி என்றோ தற்கொலை என்றோ எழுதியிருக்குமா? இருக்காது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, கொடுக்கும் சான்றில் மரணக் காரணத்தைக் குறிப்பிடக் கூடாது. தைரியமாகப் பள்ளியிலும் பேங்கிலும் கொடுங்கள். அதேபோல, ஆயுள் காப்பீடு எடுத்து 12 மாதம் தாண்டியிருந்தால், தற்கொலை என்ற ஒரு காரணத்துக்காகப் பணத்தை மறுக்க முடியாது. பாலிசி இருந்தால் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

கருமாதி நாளில்

இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். எங்கள் வீட்டில் களி, கருவாட்டுக் குழம்பு, உளுந்து வடை, பீடிக்கட்டு எல்லாம் இலையில் வைத்தாகிவிட்டது. கடைசியில் பெரியப்பா இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். "அவனுக்கு இதுதானப்பா உசுரு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி செத்த துக்கத்தில் இருந்த மனுஷன்.

அம்மா அதுவரை சுவரோரம் சாய்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். பாட்டிலை எடுத்து மாடத்தில் வைத்தாள். அடுப்படிக்குப் போய், பால் ஊற்றாத காப்பியை வெல்லம் போட்டு ஒரு சொம்பில் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள். "அது பதினொரு வருசமாத்தான் மாமா. அதுக்கு முன்னாடி அவருக்கு இதுதான்" என்றாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

படையலில் மதுவை வைப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் கருத்து, வேண்டாம். ஆனால் சும்மா மறுத்தால் சண்டை வரும். அந்த இடத்தில் வைக்க வேறொன்றைத் தயாராக வைத்திருங்கள். அவர் விரும்பிக் குடித்த டீயோ, வாங்கித் தந்த தின்பண்டமோ, தினமும் போட்ட வெற்றிலையோ, எதுவானாலும் சரி.

நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

காரியம் எல்லாம் முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகுதான் கேள்விகள் வரும். "எங்க மேல பாசம் இருந்திருந்தா விட்டிருப்பாரே" என்ற கேள்விதான் அதில் பெரியது. அதற்கான பதில் பாசத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது.

கடைசி வருடங்களில் அப்பாவுக்குக் காலையில் கை நடுங்கும். ஒட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாது. கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நிற்கும், வேலை ஓடும். திமிர் என்றார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பல வருடம் தினமும் குடித்த மூளை, மதுவின் அடக்குதலுக்கு ஈடாகத் தன்னை எந்நேரமும் முறுக்கியே வைத்துக்கொள்ளும். மது திடீரென்று நின்றதும் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, அப்புறம் ஒன்றிரண்டு நாளில் வலிப்பு, மூன்றாம் நாள் வாக்கில் ஆள் தெரியாத குழப்பம் என்று போகலாம். உயிரே போகலாம். அதனால்தான் நிறுத்துவதை ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

எங்களுக்கு இது தெரியாது. ஒரு முறை அப்பாவை வீட்டில் வைத்துப் பூட்டினோம். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போனோம். அன்றைக்கு அவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "நான் விட்டுர்றேன் கண்ணு" என்று சொன்னது நடிப்பு இல்லை. அவர் உண்மையிலேயே விட நினைத்தார். இது புரிய எனக்கு நாலு வருடம் ஆனது.

மனச்சோர்வும் குடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருபவை. மனம் கனக்கிறது என்று குடிப்பார்கள். அந்த நேரம் லேசாகும். ஆனால் மது தூக்கத்தைக் கெடுத்து, சில வாரத்தில் சோர்வை இன்னும் ஆழமாக்கும். எது முதலில் வந்தது என்று இப்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூர் பக்கத்தில்தான் இருக்கிறது. 1937இல் அவர் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், அப்போது நம்ம தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள் இருந்தன. அதற்கப்புறம் தடை எடுக்கப்பட்டு, மறுபடி போடப்பட்டு, 1983இல் டாஸ்மாக் தொடங்கி, 2003இல் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கு வந்தன. ஓர் அரசாங்கத்தாலேயே நிலையாக ஒரு முடிவில் நிற்க முடியாத விஷயத்தை, கூலி வேலை பார்த்த ஒரு மனுஷன் தனியாகச் சமாளிக்கவில்லையே என்று அவரைக் கரித்துக்கொட்டுவது நியாயமில்லை.

வருடக் கணக்கு எழுதுங்கள்

அம்மா சொன்ன "பதினொரு வருசமாத்தான்" என்ற சொல்லிலிருந்து வந்த வேலை இது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தொடங்குங்கள். அப்பா பிறந்த வருடத்தில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு பக்கம். தெரிந்ததை எழுதுங்கள், தெரியாத பக்கம் காலியாக இருக்கட்டும். எங்கே வேலை பார்த்தார், எப்போது கல்யாணம், எந்த வருடம் சைக்கிள் வாங்கினார், எப்போது குடி கூடியது, எப்போது முதல் தடவை வீட்டில் கை நீட்டினார். அதையும் எழுத வேண்டும். அவரைத் தெய்வமாக்க இந்த நோட்டு இல்லை.

எங்களுக்குப் பக்கம் போதவில்லை, இன்னொரு நோட்டு வாங்க வேண்டியிருந்தது. எழுதி முடித்தபோது எனக்குக் கண்ணில் பட்டது, 53 பக்கத்தில் குடி நிறைந்த பக்கங்கள் 11. நான் நினைவில் வைத்திருந்ததோ அந்த 11ஐ மட்டும்தான். மீதி 42 பக்கத்தில் பெரும்பாலானவை காலியாகக் கிடந்தன. அவற்றை நிரப்புவதுதான் அந்த வருடம் முழுக்க நான் செய்த காரியம்.

எப்படி நிரப்புவது? ஆள்களிடம் போங்கள். கூட வேலை பார்த்தவர், சின்ன வயசுக் கூட்டாளி, தூரத்து அத்தை. "அப்பா எப்படி?" என்று கேட்டால் "நல்ல மனுஷன், குடிதான்" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். குறிப்பாகக் கேளுங்கள். முதல் சம்பளத்தை என்ன செய்தார், எதற்குப் பயப்படுவார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார், யாரோடு சண்டை போட்டார். வயதானவர்களிடம் முதலில் போங்கள். போனில் ரெக்கார்டு செய்வதற்கு முன் அனுமதி கேட்டுவிடுங்கள்.

அப்பாவோடு வேலை பார்த்த ஓர் அண்ணன் ஒட்டுக் கட்டிக்கொண்டே எனக்குச் சொன்னார். மாங்கொட்டையிலிருந்து வந்த இளஞ்செடியின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, நல்ல ரகக் குச்சியின் அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி, அந்தப் பிளவுக்குள் இறக்கி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். எல்லாரும் நாடாவை ஒரு கையால் இழுத்துப் பிடிப்பார்களாம். அப்பா மட்டும் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சுற்றுவாராம். அதனால் அவர் கட்டியது நழுவாதாம். "உங்கப்பன் கட்டுன கன்னு பட்டுப்போச்சுன்னு ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல பாப்பா." இது 1998ஆம் வருடப் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் அவருடைய செல்போன். வாட்ஸாப்பில் குரல் பதிவு ஏதாவது இருந்தால் உடனே எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவைத்தால் அந்த எண் சில மாதங்களில் கைவிட்டுப் போய், வேறு யாருக்காவது கொடுக்கப்பட்டுவிடும். குடித்துவிட்டுத் திட்டிய பதிவும் இருக்கும். அதை அழிக்கலாமா என்று கேட்டால், முதல் வருடம் எதையும் அழிக்காதீர்கள் என்பேன். தனி ஃபோல்டரில் போட்டு மூடி வையுங்கள்.

உடன்பிறந்தவர்கள்

எல்லாக் குடும்பத்திலும் முட்டிக்கொள்ளும் இடம் இது. நான் மூத்தவள். சந்தைக்குத் தோளில் தூக்கிப்போன அப்பாவை எனக்குத் தெரியும். தம்பி எனக்குப் பத்து வயது இளையவன். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் குடிகார அப்பா. ஒரே வீடுதான், ஒரே அப்பா இல்லை.

இரண்டு வருடம் நான் அவனிடம் நல்ல அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது உதவி என்று நினைத்தேன். ஒரு நாள் அவன் சொன்னான்: "உனக்குக் கிடைச்சத எனக்குக் காட்டிக் காட்டி வயித்தெரிச்சல் கிளப்பாத." அவன் சொன்னது சரி. அதற்கப்புறம் நிறுத்திவிட்டேன். நோட்டை மட்டும் டிவி ஸ்டாண்டில் வைத்தேன். அவன் எப்போது எடுத்துப் படித்தான் என்று தெரியாது. ஒரு நாள் பார்த்தால் 2016ஆம் வருடப் பக்கத்தில் அவன் கையெழுத்தில் ஒரு வரி: "ராத்திரி காய்ச்சல். அப்பா குடிக்காம விடிய விடிய பக்கத்துல உக்காந்திருந்தார்."

கடைசிக் காலத்தை மட்டும் பார்த்த பிள்ளைகளிடம் மன்னிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கோபம்தான் அவர்களிடம் இருக்கும் உண்மை, அதைச் சொல்ல விடுங்கள். சின்னக் குழந்தைகள் கேட்டால், "தாத்தாவுக்குக் குடிக்கிற நோய் இருந்தது. அதை நிறுத்த முடியாமல் உடம்பு கெட்டுவிட்டது. நீ எதுவும் செய்ததால் இல்லை" என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லுங்கள். தூங்கிவிட்டார், ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் சொன்னால் குழந்தை காத்திருக்கும்.

உங்கள் நிலைமை

அவர் போனதும் ஒரு நிம்மதி வந்திருக்கலாம். ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்ற நிம்மதி. அதற்காக உங்களையே வெறுக்காதீர்கள். பயம் நின்றது, அவ்வளவுதான். பாசம் நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

குடிநோயிலும் மனச்சோர்விலும் பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு. நமக்கும் வந்தே தீரும் என்பதில்லை, ஆனால் மற்றவர்களைவிட நாம் கவனமாக இருக்க வேண்டும். துக்கத்தை ஆற்ற ஒரு பெக் என்று தொடங்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாம் போய், எதுவும் வேண்டாம் என்று தோன்றினால் டாக்டரைப் பாருங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓசூர் பக்கத்தவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸும் தூரமில்லை, அங்கே குடிநோய்க்கெனத் தனிப் பிரிவே உண்டு. போனிலேயே பேச வேண்டுமென்றால் 14416, டெலி மனஸ். 24 மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. வீட்டில் இன்னும் ஒருவர் குடித்துக்கொண்டிருந்தால் 14446 என்ற எண்ணில் வழி கேட்கலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 14416க்கோ 108க்கோ கூப்பிடுங்கள்.

வருடா வருடம்

தலைத் திவசத்துக்குப் பிறகு எந்த நாளில் நினைப்பது என்று முடிவு செய்யுங்கள். ஆடி அமாவாசைக்கோ மகாளய அமாவாசைக்கோ ஒகேனக்கல், தீர்த்தமலை, தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம் என்று அவரவர் வழக்கப்படி போகிறோம். ஆடியில் காவிரியில் வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள்.

இறந்த நாளோடு இன்னொரு நாளையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இறந்த நாள் வந்தால் ஆஸ்பத்திரியும் ரத்த வாந்தியும்தான் ஞாபகம் வரும். அப்பாவின் பிறந்த நாள் யாருக்கும் தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு தேதி போட்டிருக்கிறார்கள். அதனால் சீசனில் முதல் செந்தூரா மாம்பழம் வீட்டுக்கு வரும் நாள்தான் எங்களுக்கு அவர் நாள். படத்தின் முன் ஒரு பழம், வெல்லக் காப்பி. அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு கன்றும் நட்டோம். உங்களுக்கும் இடம் இருந்தால் நடுங்கள், மழை தொடங்கும் சமயம் நல்லது. ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், புதைந்துவிடக் கூடாது. காற்றுக்கு ஆடாமல் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் பூ வந்தால் ஆசைப்படாமல் கிள்ளிவிடுங்கள், மரம் முதலில் வளரட்டும். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது தம்பி. ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று போன வாரம் படம் எடுத்து அனுப்பியிருந்தான். கிள்ளிவிடு, அது கொட்டைச் செடியின் துளிர், அப்பா எப்போதும் கிள்ளிவிடுவார் என்று பதில் போட்டேன். "சரிக்கா" என்று வந்தது. அப்புறம் பத்து நிமிடம் கழித்து, கிள்ளிய இடத்தின் படமும் வந்தது.